கிழவனை அணைத்தபோது

வானம் இரவெல்லாம் உறுமிவிட்டு ஒரு சொட்டுகூடப் போடாமல் கலைந்து போயிருந்தது. விடிந்ததும் ரோண்டா வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மைல் தொட்டிக்குப் போனாள். தொட்டியின் அடியில் பாசி வெடித்துச் சுருண்டு கிடந்தது. செம்மறிகள் சுற்றிலும் நின்றன. கத்தவில்லை. தாகத்தில் ஆடு கத்தினால் பயப்பட வேண்டியதில்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றால்தான் பயப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் இந்தச் செம்மண்ணில் இருந்தவள்.

தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் ஆழ்துளைப் போரின் தலைமாட்டில் சூரியத் தகடுகள் ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தன. பம்புக்கு எப்போது ஓடு, எவ்வளவு வேகத்தில் ஓடு என்று சொல்லும் சின்னச் சாம்பல் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கேயோ மின்னல் விழுந்திருக்கிறது. பெட்டி எரியவில்லை. ஆனால் தனக்குச் சொல்லி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டது. ரோண்டா திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் துண்டில் சுற்றி முன்னிருக்கையில் வைத்தாள். ஆடுகள் வழிவிடவில்லை. வண்டி மூக்கால் தள்ளித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு பிறக்காத, கோடை உச்சத்து நாட்கள் அவை. புரோக்கன் ஹில்லில் பம்புக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மீன்பிடிக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். புதுப்பெட்டி அடிலெய்டிலிருந்து வர வேண்டும், அதற்கு லாரி ஓட வேண்டும், லாரிக்காரர்களும் விடுமுறையில் இருந்தார்கள். ஆடுகளைப் பக்கத்துத் தொட்டிக்கு ஓட்டலாம் என்றால் அந்தத் தொட்டி வெகுதூரம். இந்த வெயிலில், மடியில் குட்டியோடு பாதி வழியில் படுத்துவிடும். வானொலியில் வானிலை சொன்ன பெண், நேற்றைவிட இன்று அதிகம் என்றும் இன்றைவிட நாளை அதிகம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ரோண்டா டாரலுக்குப் போன் செய்தாள். டாரல் அடுத்த பண்ணைக்காரன், தீயணைப்புக்கு வைத்திருக்கும் தண்ணீர் லாரி அவனிடம் நின்றது.

"லாரி நிறைய மொண்டுக்கிட்டு வர்றேன். ஆனா ரோண்டா, அது உங்க ஆட்டுக்கூட்டத்துக்கு நாக்கு நனைக்கத்தான் காணும். நீ அந்தப் பெட்டிய எழுப்பு. லயலுக்குத் தெரியுமே?"

"தெரியும். சொல்லத்தான் தெரியாது."

"ஆமால்ல," என்றான் டாரல்.

குளிர்காலத்தில் அவள் கணவர் லயலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வலது கால் இழுத்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சொற்கள் போய்விட்டன. நெஞ்சில் இருப்பது நாக்குக்கு வரும் வழியில் வேறு ஏதோவாக மாறிவிடும். டீ வேண்டுமென்றால் கொட்டகை என்பார். கதவைச் சாத்து என்பதற்குச் செவ்வாய்க்கிழமை என்பார். தப்பாகச் சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மருத்துவமனையில் முதல் வாரம் அவர் வாயைத் திறந்து ஒரு கரண்டி கஞ்சி வாங்கவில்லை. ரோண்டா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மனுசன் போகத் தீர்மானித்துவிட்டார் என்று நினைத்து நினைத்து, அந்தப் பயத்தை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றுவரை அது போகவில்லை. அவர் கொட்டகைப் பக்கம் தனியாக நடந்தால் ஜன்னலில் நின்று பார்ப்பாள். துப்பாக்கிப் பெட்டிச் சாவியை அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

சமையல்கட்டு மேஜையில் பழைய கார் பேட்டரி ஒன்றை வைத்துச் சாம்பல் பெட்டிக்கு உயிர் கொடுத்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பம்புக்கான மென்பொருள் மிகப் பழையது, புதுக் கணினியில் ஓடாது. செய்த கம்பெனியே வேறு யாரிடமோ போய்விட்டது. அதனால் லயல் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைக் குடிவைத்திருந்தார். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும், அந்த ஜன்னலுக்குள் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கணினி ஒன்று எதுவுமே மாறாதது போல உட்கார்ந்திருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்பாள் மகள் ஜிலியன். லயல் அதைக் கிழவன் என்றுதான் சொல்வார். 'கிழவனைக் கொஞ்சம் எழுப்பு, போரைப் பாக்கணும்' என்பார். அவர் பேசிய காலத்தில்.

லயல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நல்ல கை மடியில் கிடந்த கெட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிக்சி என்ற நாய் மேஜைக்கடியில் நுழைந்து அவர் கால்மேல் தலையை வைத்தது.

ரோண்டா ஜன்னலைத் திறந்தாள். கிழவன் விழித்தான். நீல வானமும் பச்சைப் புல்லும் போட்ட பழைய படம். பம்பு மென்பொருளை அழுத்தினாள். ஒரு வரி வந்தது. உரிமம் காலாவதியானது, இணையத்தில் சரிபார்க்கவும். சரிபார் என்பதை அழுத்தினாள். இணையம் இல்லை என்றது.

"வெளிய நெட் இருக்கே," என்றாள் ரோண்டா கணினியைப் பார்த்து. வெளிக் கணினியில் செய்தி வந்தது, வானிலை வந்தது, யாரோ கிறிஸ்துமஸ் கேக் படம்கூடப் போட்டிருந்தார்கள். கிழவனுக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

அடிலெய்டில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்யும் ஜிலியனை வீட்டுப் போனில் பிடித்து, போனின் ஒலிபெருக்கியை அழுத்தி ரொட்டிப் பெட்டிமேல் வைத்தாள்.

"அம்மா, திரைல என்ன இருக்கோ அத அப்படியே படி. உன் விளக்கம் வேணாம்."

"விளக்கம் எதுவும் சொல்லலியே."

"'என்னமோ சிவப்பா வருது'ன்னு சொன்னா நான் என்ன பண்றது? கீழ, ஜன்னலோட ஓரத்துல ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் இருக்கா? அதுல வலது பக்கம் கிளிக் பண்ணு. நெட்வொர்க்னு வரும்."

"வந்துச்சு."

"எதுல கோத்திருக்கு?"

"பிரிட்ஜ்னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு பேரு இருக்கு, ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் முக்கோணம் இருக்கு."

ஜிலியன் பெருமூச்சு விட்டது கேட்டது. "அது பழைய நெட் டிஷ்ஷோட வந்த கார்டும்மா. அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது டிஷ்ஷ மாத்துனீங்கல்ல, அந்த ஆளு பழசக் கழட்டிட்டுப் போயிட்டான். கிழவன் இன்னும் அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கான். பிரிட்ஜ எடுத்துட்டு நேட்னு இருக்கும், அதப் போடு. அப்புறம் அவன் தனியா நெட் தேட மாட்டான், வெளிய இருக்கறவன் வாங்கி ஊட்டுவான்."

ரோண்டா போட்டாள். கிழவன் யோசித்தான். மூலையிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறி போனது. சரிபார் என்று மறுபடி அழுத்த, நெடுநேரம் ஒரு மணல்கடிகாரம் சுழன்றது. லயல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உரிமம் சரி என்று வந்தபோது மேஜையை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார். ரோண்டா சிரித்தாள். குளிர்ந்த ஆட்டுக்கறியும் பீட்ரூட்டும் வைத்து ரொட்டி தயார் செய்து அவர் முன்னால் வைத்தாள். அவளுக்கு ஒரு கடிக்குமேல் இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று புழுதியைக் கிளப்பி வேலியோரம் கொட்டியது.

இனிமேல் கம்பியைச் சொருகினால் போதும். சாம்பல் பெட்டியிலிருந்து வந்த யூஎஸ்பி கம்பியைக் கணினியில் சொருகினாள். 'டங்' என்று வெளிக் கணினி ஒலித்தது. கிழவன் அசையவில்லை. பம்பு மென்பொருள், பெட்டி எங்கே என்று கேட்டது.

"இந்தா இருக்கே! மேஜைமேல!" என்றாள் ரோண்டா.

கழற்றிச் சொருகினாள். வேறு ஓட்டையில் சொருகினாள். கம்பியின் முனையைச் சட்டைத் துணியால் துடைத்து ஊதிச் சொருகினாள். ஒவ்வொரு தடவையும் டங் என்றது வெளியே. உள்ளே ஒன்றுமில்லை.

"வெளிய இருக்கறவன் புடிச்சுக்கறான்," என்றாள் ஜிலியன். "கம்பி முதல்ல அவன் கைக்குத்தானே போகுது. அவன் விட்டாத்தான் கிழவனுக்கு. மேல டிவைசஸ்னு இருக்கா? அதுக்குள்ள யூஎஸ்பி. அதுல நம்ம கம்பி பேரு தெரியுதா?"

"தெரியுது. ஆனா மங்கலாச் சாம்பலா இருக்கு. அழுத்தினா ஒண்ணும் நடக்கல."

"அப்போ செட்டிங்ஸ்குள்ள போ."

"போயிட்டேன். இங்கயும் எல்லாம் சாம்பல். ஒண்ணையும் தொட முடியல ஜிலி."

"இரு, நான் தேடிப் பாக்கறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது. நெடுநேரம் வந்தது.

வெளியே நிழலில் தொங்கிய வெப்பமானியை ரோண்டா பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. தகரக் கூரை விரிந்து டக் டக்கென்று சத்தம் போட்டது. டாரல் அலைபேசியில் கூப்பிட்டான், காற்றும் ஆட்டுச் சத்தமும் நடுவில் அவன் குரலும் வந்தன. "என் கல்யாணத்துக்கே இவ்வளவு கூட்டம் வரல ரோண்டா. ஒண்ணுமேல ஒண்ணு ஏறுதுங்க. லாரி காலி, மறுபடி மொள்ளப் போறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான், "வேலியோரம் கொஞ்சம் படுத்துருச்சுங்க. அதுங்க எந்திரிக்காது. சொல்லி வச்சிடறேன், வந்து பாத்துத் திடுக்குனு ஆக வேணாம்."

லயல் முன்னால் சாய்ந்தார். திரையைக் காட்டினார்.

"தூங்கு," என்றார். "தூங்கி. தூங்கி… இல்ல."

"தூக்கம் வருதா? போய்ப் படு லயல். நான் பாத்துக்கறேன்."

"இல்ல!" தலையை வேகமாக ஆட்டினார். முகம் சிவந்தது. சொல்லைப் பிடிக்க உதடு கோணிக்கொண்டு அலைந்தது. "தூங்கி இல்ல. செத்து. செத்து. சாவணும்."

ரோண்டாவின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

"அப்படிச் சொல்லாத."

"சாவணும்," என்றார் அவர், இன்னும் உரக்க. கிடைத்த சொல்லை விட்டுவிட மாட்டேன் என்பதுபோல. "சாவணும்! சாவணும் ரோ… சாவணும்!"

மேஜையைத் தட்டினார். ரொட்டித் தட்டு குதித்தது. நாய் எழுந்து வெளியே ஓடியது. ரோண்டாவுக்குள் குளிர்காலத்திலிருந்து கட்டி வைத்திருந்தது எதுவோ அறுந்தது. ஆஸ்பத்திரியில் மூடிய வாய், ஒளித்து வைத்த சாவி, இரவில் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தது, வேலியோரம் படுத்துவிட்ட ஆடுகள், எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"சாவணும்னா அன்னைக்கே செத்திருக்க வேண்டியதுதானே! எதுக்கு மிச்சம் இருந்த? எனக்கென்ன, ஒரேயடியா அழுது முடிச்சிருப்பேன்ல! இப்படித் தினமும் உக்காந்து உன்னக் காவல் காக்கணுமா நான்?"

சொல்லி முடித்தபின்தான் ஒலிபெருக்கி நினைவுக்கு வந்தது. ரொட்டிப் பெட்டிமேல் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

லயல் அவளைப் பார்த்தார். அவருக்குச் சொல்லத்தான் வராது. கேட்பதில் ஒரு சொல்கூடத் தவறாது. டாக்டர் அதைத்தான் நல்ல செய்தி என்று சொல்லியிருந்தார்.

பிறகு அவர் எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் பின்னால் வந்து நின்று, மவுஸ்மேல் இருந்த அவள் கையை இடது கையால் எடுத்து ஓரமாக வைத்தார். கோபமாக அல்ல, மேஜையில் வழியில் கிடக்கும் ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைப்பதுபோல. அவள் எழுந்து விலகினாள். அந்த நாற்காலி எப்போதும் அவருடையது. குளிர்காலத்துக்குப் பிறகு அவள்தான் அதில் உட்கார்ந்தாள். கணக்கு, மின்னஞ்சல், டாக்டருக்குத் தேதி கேட்பது, எல்லாம் அவள்தான். உன்னால் முடியுமா என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

இடது கைக்குப் பழகாத மவுஸ் திரையில் தடுமாறித் தடுமாறிப் போனது. ஜன்னலின் ஓரத்துக்குப் போனது. மூடு என்பதை அழுத்தியது. மூன்று வழிகள் கேட்டது கணினி. அவர் எப்போதும் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பார், அப்படியே உறங்க வைத்து, அடுத்த தடவை அப்படியே எழுப்புவதை. இப்போது கடைசி வழிக்குப் போனார். முழுதாக அணை.

"லயல், வேணாம்! அவன் திரும்ப எந்திரிக்காட்டி?"

அழுத்திவிட்டார். நீல வானமும் பச்சைப் புல்லும் அணைந்தன. ஜன்னலே இல்லாமல் போனது. வெளிக் கணினியின் பட்டியலில் கிழவனின் பெயருக்குக் கீழே ஒரு சொல் மட்டும் இருந்தது. அணைக்கப்பட்டது.

"அம்மா?" என்றாள் ஜிலியன் மெதுவாக. "என்ன நடக்குது அங்க?"

"உங்கப்பா கிழவன அணைச்சிட்டார்."

"ஓ. அதான்… நானும் இப்பத்தான் படிச்சேன்மா. உள்ள இருக்கறவன் தூக்கத்துல இருந்து எழுந்து ஓடிட்டே இருந்தா யூஎஸ்பிய மாத்த முடியாதாம். முழுசா அணைக்கணும். அப்பத்தான் திறக்கும். அததான் அப்பா…"

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையிருக்கவில்லை. திரையில் இதுவரை சாம்பலாக இருந்த எழுத்துக்கள் எல்லாம் கறுத்திருந்தன. லயல் யூஎஸ்பி என்ற இடத்தைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, கம்பியின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தை அவரால் வாசிக்க முடிகிறதா என்று அவளுக்குத் தெரியாது. இடம் தெரிந்திருந்தது அவருக்கு. கம்பியைக் கழற்றச் சொல்லிக் கையால் காட்டினார். அவள் கழற்றினாள். கிழவனை எழுப்பினார்.

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின. அதற்குப்பின் ஒன்றுமே வரவில்லை. விசிறி இரைந்தது. பிறகு பழைய இசைத்துணுக்கு ஒன்று ஒலித்து, நீல வானமும் பச்சைப் புல்லும் வந்தன. லயல் தலையசைத்தார். ரோண்டா கம்பியைச் சொருகினாள். டங் என்றது வெளியே. ஒரு மூச்சுவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு ஒலி, தாழ்ந்த குரலில் வந்தது.

பம்பு மென்பொருளின் பட்டியலில் சாம்பல் பெட்டியின் பெயர் தோன்றியது.

"வந்துருச்சு," என்றாள் ரோண்டா. பழைய அமைப்புகளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு ஏற்றுவதையும் அவரே செய்தார். சிவப்பு விளக்கு பச்சையானது. மேஜையைத் தட்டவில்லை இந்தத் தடவை.

"லயல்," என்றாள். "நான் நெனச்சது வேற. நீ சொன்னது எனக்கு…"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனார். வெளியே நின்று நாயைச் சீட்டியடித்துக் கூப்பிட்டார்.

ஜிலியன் போனிலேயே இருந்தாள். "அம்மா, நீ எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். நான் எதுவும் கேக்கல. சரியா?"

"கேட்டதானே."

"கேட்டேன்," என்றாள் ஜிலியன். "போய்ப் பம்ப மாட்டு. அப்புறம் பேசலாம்."

போகும் வழியெல்லாம் வண்டிக்குள் அவர்கள் நடுவில் பெட்டி உட்கார்ந்து வந்தது. தூரத்திலிருந்தே காகங்கள் தெரிந்தன. வேலியோரம் டாரல் சொன்னதைவிடக் கூடுதலாகவே ஆடுகள் கிடந்தன. இலை சிறுத்த மல்கா மரத்தின் இல்லாத நிழலுக்குள் தலையைத் திணித்துக்கொண்டு சில, தொட்டிக்கு முகத்தைத் திருப்பிச் சில. உயிரோடிருந்தவற்றின் கண்களைக்கூடக் காகங்கள் விட்டுவைக்கவில்லை. தொட்டியின் பக்கத்தில் டாரல், முழங்கால்வரை சேறும் சாணியுமாக நின்று, நசுங்கிச் செத்த ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாடா மாப்ளே," என்றான் லயலைப் பார்த்து. "உன் பொண்டாட்டிதான் எழுப்பினாளா பெட்டிய?"

"இவர்தான்," என்றாள் ரோண்டா.

"அதானே பாத்தேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பெட்டியை மாட்டியதும் பம்பு முனகியது. குழாய் இருமிக் காற்றைத் துப்பியது, துருவைத் துப்பியது, பிறகு கை தடிமனுக்குத் தண்ணீர். வாசனை காற்றில் ஏறியவுடன் நின்றுகொண்டிருந்த மந்தை முழுக்க ஒரே உடம்பாக நகர்ந்தது. இப்படி நகரும்போதுதான் மிச்சமிருப்பதும் சாகும், தொட்டியோரம் ஒன்றையொன்று மிதித்தே. டாரல் கைகளை விரித்துக் கத்தினான். ரோண்டா கோணிப்பையை வீசினாள். அப்போது லயலின் குரல் எழுந்தது.

"பிக்சி! பின்னால வா! பின்னால வா! நில்லு! அங்கயே நில்லுடி!"

ஒரு சொல் தவறவில்லை. முப்பது வருடம் தினமும் சொன்ன சொற்கள் எந்த வழியாகவோ நேராக வந்தன. நாய் அரைவட்டம் போட்டு ஓடி மந்தையின் முகத்தில் படுத்தது. மந்தை தயங்கியது. அவர் இழுத்த காலை ஊன்றிக்கொண்டு நின்று கத்த, கொஞ்சம் கொஞ்சமாக, பத்து ஆடு, இன்னும் பத்து ஆடு என்று உள்ளே விட்டார்கள். மேற்கே வெயில் சாயும்வரை அதே வேலை. குரல் கட்டிப்போகும்வரை அவர் கத்தினார்.

எழ முடியாதவை இருந்தன. டாரல் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். இந்த வேலையை லயல் எந்தக் காலத்திலும் இன்னொருவனிடம் விட்டதில்லை. இடது கையை நீட்டினார். டாரல் ரோண்டாவைப் பார்த்தான். ரோண்டா லயலைப் பார்த்தாள். கொடு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் அவர் அவள் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டார். கையை மடக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

டாரல் ஒவ்வொன்றாகச் சுட்டான். ஒவ்வொரு வெடிக்கும் காகங்கள் எழுந்து, மறுபடி இறங்கின.

இருட்டுமுன் கிளம்பினார்கள். ரோண்டா பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்தாள். லயல் அதைக் கடந்து, வண்டியில் சாமான் ஏற்றும் திறந்த பின்தட்டுக்குப் போனார், நாய் ஏற்கெனவே ஏறியிருந்த இடத்துக்கு. வலது கால் எழவில்லை. அவள் போய்க் கையைக் கொடுத்தாள். வேறு வழியில்லை என்பதால் பிடித்துக்கொண்டார். ஏறியதும் விட்டுவிட்டார்.

"உள்ள வா லயல். புழுதி."

அவர் அவளுக்கு முதுகைக் காட்டி, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அவள் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாள். இந்தப் பக்கத்தில் வழிநெடுக வரும் வேலிகளின் வாசலைத் திறப்பது வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓட்டுவார், அவள் இறங்குவாள். குளிர்காலத்துக்குப் பிறகு அவள் ஓட்டினாள், அவர் இறங்கினார். எவ்வளவு நேரமானாலும் அவள் காத்திருப்பாள், அந்த ஒரு வேலையை மட்டும் அவள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலி வந்தது. அவள் இறங்கக் கதவில் கை வைக்கும்போதே வண்டி லேசாக அசைந்தது. கண்ணாடியில் பார்த்தாள். அவர் பின்தட்டின் விளிம்பைப் பிடித்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு அவள் ஜன்னலைக் கடந்து நடந்தார். சங்கிலியை ஒற்றைக் கையால் கழற்றி, வாசலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து நின்றார். அவள் கடந்தாள். நிறுத்திக் காத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டையும் திருப்புளியையும் எடுத்துக் கீழே போட்டு இடம் செய்தாள். குனிந்து கைநீட்டிக் கதவையும் திறந்து வைத்தாள்.

சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. காலடி வந்தது, ஒன்று ஊன்றியும் ஒன்று இழுத்தும். திறந்திருந்த கதவு வரை வந்தது. அவர் கதவை வெளியிலிருந்து சாத்தினார். வண்டி பின்பக்கம் அழுந்தியது. கூரையில் இரண்டு தட்டு, போகலாம் என்று.

வீட்டுக்குப் போக இன்னும் மூன்று வேலிகள் இருந்தன. மூன்றிலும் அவர் இறங்கித் திறந்தார், மூன்றிலும் பின்தட்டுக்கே திரும்பி ஏறினார்.